ஈரோட்டு மேல்முறையீடும் ஏழு சீட் வண்டியும்

மோட்டார் விபத்து வழக்குகள்தான் என் தொழிலில் பெரும்பகுதி. புது வண்டி எடுக்கப்போகிறவர்கள் மெக்கானிக்கைக் கேட்பார்கள், பேங்கில் வேலை பார்க்கும் மாமனைக் கேட்பார்கள், நாள் குறிக்க ஜோசியரைக் கேட்பார்கள். வக்கீலைத் தேடி வருவது வண்டி அடிபட்ட பிறகுதான். குடும்பத்தோடு போக ஏழு சீட் வண்டி எடுப்பதாக இருந்தால் பணம் கட்டும் முன்பே ஒரு நடை வந்துபோங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். அதற்குக் காரணம் ஓர் ஈரோட்டு வழக்கு. அதை நடத்தியவன் நானல்ல. ஆனாலும் 2021 ஆகஸ்டில் தீர்ப்பு வந்த நாளிலிருந்து அது என் மனத்தைவிட்டுப் போகவில்லை.

வழக்கின் கதை சின்னது. காரில் போன ஒருவர் விபத்தில் இறந்துபோனார். குடும்பத்தார் இழப்பீடு கேட்டு ஈரோட்டில் உள்ள மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2019 டிசம்பர் 7 அன்று தீர்ப்பாயம், சுமார் 14.65 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. அதன் வாதம் ஒரே வரியில் அடங்கும்: இந்தக் காருக்கு எடுத்திருப்பது ‘ஆக்ட் பாலிசி’, அது மூன்றாம் நபருக்குத்தான் பொறுப்பேற்கும், காருக்குள் உட்கார்ந்து வருகிறவர்களுக்குப் பொறுப்பேற்காது. ஆகஸ்ட் 4 அன்று நீதியரசர் எஸ். வைத்தியநாதன் அந்த வாதத்தை ஏற்றுத் தீர்ப்பாயத்தின் உத்தரவை ரத்து செய்தார். காரின் உரிமையாளரிடம் இழப்பீடு கேட்க அந்தக் குடும்பத்துக்குத் தடையில்லை என்றும் சொன்னார்.

சட்டப்படி வேறு முடிவு சொல்ல இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 147-ஆம் பிரிவுதான் கட்டாயக் காப்பீட்டின் எல்லையை வரைகிறது. நம் கார் தெருவில் நடந்துபோகிற ஒருவரை இடித்தால், முன்பின் தெரியாத அவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்தாக வேண்டும். வாடகைக்கு ஓடும் மஞ்சள் போர்டு வண்டியில் ஏறுகிற பயணிக்கும் அந்தக் கட்டாயம் உண்டு. சொந்தக் காரில் கூட வருகிற அம்மாவுக்கும் மருமகளுக்கும் பேரனுக்கும்தான் கிடையாது. 2012 நவம்பரில் நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னது. அதுவும் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே போன வழக்குதான். ‘பேக்கேஜ்’ என்கிற முழுக் காப்பீடு இருந்தால் காரில் இருப்பவர்களுக்கும் நிறுவனம் பொறுப்பு. ஆக்ட் பாலிசி மட்டும் என்றால் பொறுப்பில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2009 நவம்பர் 16-லேயே இதே விஷயத்தைச் சுற்றறிக்கையாக நிறுவனங்களுக்கு அனுப்பியிருந்தது.

ஆனால் வைத்தியநாதன் அத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வண்டி விற்கிறவர்கள் பாலிசியின் நிபந்தனைகளை வாங்குகிறவருக்குச் சரியாகச் சொல்வதில்லை, வாங்குகிறவரும் வண்டி எப்படி ஓடும் என்பதில் காட்டுகிற அக்கறையைப் பாலிசியில் காட்டுவதில்லை, இவ்வளவு பெரிய தொகை கொடுத்து வண்டி எடுக்கிறவர் சிறு தொகை கூடுதலாகக் கொடுத்துத் தன்னையும் உடன் வருகிறவர்களையும் காத்துக்கொள்ள ஏன் தயங்குகிறார் என்று தீர்ப்பிலேயே வருத்தப்பட்டார். 2021 செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் ஒவ்வொரு புது வண்டிக்கும், ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் எல்லோரையும் சேர்த்து, ஐந்து ஆண்டுகளுக்கு ‘பம்பர் டு பம்பர்’ காப்பீடு கட்டாயம் என்று உத்தரவு போட்டார். ஆகஸ்ட் 31 அன்று போக்குவரத்துத் துறை சுற்றறிக்கையும் விட்டது. காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜெனரல் இன்சூரன்ஸ் கவுன்சில் நீதிமன்றத்துக்கு வந்து, நடைமுறைச் சிக்கல்களை முன்வைத்தது. செப்டம்பர் 13 அன்று, இன்றைய நிலையில் இது நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்லி நீதியரசர் அந்தக் கட்டளையைத் திரும்பப் பெற்றார். அப்பாவிகளைக் காக்கிற முழுமையான காப்பீட்டைச் சட்டம் இயற்றுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பிக்கை தெரிவித்தார்.

உத்தரவு போய்விட்டது. நோயைச் சரியாகப் பார்த்த உத்தரவு அது என்றே இன்றும் நினைக்கிறேன். மருந்தில்தான் குழப்பம். ‘பம்பர் டு பம்பர்’ என்று ஷோரூமில் விற்கிற பாலிசி, அடிபட்ட பம்பரையும் கதவையும் மாற்றும்போது தேய்மானம் கழிக்காமல் பணம் தருவது. வண்டியின் உடம்புக்கான ஏற்பாடு அது. உள்ளே இருக்கிற மனிதருக்கு வேண்டியது 147-ஆம் பிரிவிலேயே ஒரு திருத்தம். சொந்தக் காரில் பயணிப்பவரும் கட்டாயக் காப்பீட்டுக்குள் வர வேண்டும் என்று நாடாளுமன்றம் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது, ‘உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்’ என்ற வார்த்தை நம் ஊர்க் குடும்பத்தில் என்ன செய்யும் என்று தெரிந்ததால்தான். கொங்கு நாட்டில் பெரிய வண்டி பெரும்பாலும் அப்பா பேரில் இருக்கும். இல்லையென்றால் மில் பேரில், கம்பெனி பேரில். ஓட்டுகிறவன் மகன். பின்னால் உட்கார்ந்திருப்பது அவன் மனைவி, குழந்தைகள், அக்கா, மச்சான், அமுச்சி. அவிநாசி தாண்டி நால்வழிச் சாலையில் ஒரு நொடி கண் அசந்து, நிற்கிற லாரியின் பின்னால் வண்டி போய் இடித்தால், தவறு நம் வண்டி மேல். பாலிசி வெறும் ஆக்ட் பாலிசி என்றால், மகளை இழந்த சம்பந்தி வீட்டார் இழப்பீட்டுக்கு வழக்குப் போட வேண்டியது மாமனார் மேல். எதிர்மனுதாரர் பத்தியில் அந்தப் பெயரை எழுதச் சொல்லும்போது வருகிறவர்கள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் ‘வேண்டாமுங்க, விட்டுருங்க’ என்று எழுந்து போய்விடுவார்கள். மீதிப் பேர் வழக்குப் போடுவார்கள். அதோடு அந்த இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோகும். பங்காளித் தகராறில்கூட ஒரு நல்லது கெட்டதுக்குச் சேர்ந்துகொள்வார்கள், இதில் சேர மாட்டார்கள்.

2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறியபோது பெரிய வண்டிகளுக்கு வரி, செஸ் எல்லாம் சேர்த்து 50 சதவீதமாக இருந்தது 40 ஆகக் குறைந்தது. அந்தச் சமயத்தில் கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு குடும்பம் கிரயப் பத்திரம் ஒன்றைக் காட்ட வந்தது. பெரியவர், அவர் மகன், மருமகள். மகனுக்குக் குறிச்சி சிட்கோவில் பட்டறை. பத்திரம் பார்த்து முடித்ததும் அவர் ஷோரூம் கொட்டேஷனை எடுத்து மேசையில் வைத்தார்.

“ஏழு சீட் எடுக்கலாம்னு இருக்கறமுங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா கட்டிப்போடலாம்.”

வண்டியைப் பற்றி அவர்கள் அலசாதது எதுவும் இல்லை. டீசலா ஹைபிரிட்டா, மூன்றாவது வரிசையில் பெரியவர் கால் மடக்கி உட்கார முடியுமா, எல்லாச் சீட்டும் நிறைந்தபின் பெட்டி வைக்க இடம் இருக்குமா, பாரத் என்கேப்பில் எத்தனை நட்சத்திரம், எல்லாம் தெரிந்திருந்தது. தமிழ்நாட்டின் ஆயுள் வரி 2023 நவம்பரிலிருந்து 10 லட்சத்துக்கு மேல் 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம் என்பதால், எந்த மாடலில் நின்றால் அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருக்கலாம் என்றுகூடக் கணக்குப் போட்டிருந்தார்கள். இன்சூரன்ஸ் என்ற வரிக்கு நேராக மட்டும் பேனாவால் ஒரு குறுக்குக்கோடு.

“ஷோரூம்காரன் சொல்றது ரொம்ப ஜாஸ்திங்க. வெளிய கேட்டேன், பாதிகூட வராது” என்றார் மகன்.

வெளியே கேட்டதன் விவரத்தை வாங்கிப் பார்த்தேன். மூன்று ஆண்டுக்கான மூன்றாம் நபர் பாலிசி மட்டும். 1500 சிசிக்கு மேற்பட்ட புதுக் காருக்கு அதன் பிரீமியம் 24,596 ரூபாய், வரி தனி; 2022 ஜூனிலிருந்து இருக்கும் விகிதம் அது. ஈரோட்டு வழக்கில் இருந்த அதே வகைப் பாலிசிதான்.

மூன்று ஆண்டு என்ற இந்த ஏற்பாடு வந்ததே நம் கோயமுத்தூர்க்காரர் ஒருவரால்தான் என்று அவர்களிடம் சொன்னேன். கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலைகளில் மனிதர்கள் சாவதைத் தடுக்க வேண்டும் என்று 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அடிபட்டு வருகிறவர்களின் எலும்பைச் சேர்ப்பதோடு தன் வேலை முடிந்தது என்று அவர் இருந்திருக்கலாம். அந்த வழக்கில் 2018 ஜூலை 20 அன்று வந்த உத்தரவால், அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று ஆண்டு, இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமானது. காப்பீடே இல்லாமல் ஓடிய வண்டிகளால் தெருவில் நின்றுபோன எத்தனையோ குடும்பங்களுக்கு அது பெரிய காப்பு.

ஆனால் அதிலேயே ஒரு பள்ளமும் இருக்கிறது. இன்று ஷோரூமில் பெரும்பாலும் கொடுப்பது, வண்டியின் சொந்தச் சேதத்துக்கு ஓர் ஆண்டு, மூன்றாம் நபருக்கு மூன்று ஆண்டு என்ற கட்டு. முதல் ஆண்டு முடிந்ததும், மூன்று ஆண்டுக்குக் கட்டியாகிவிட்டதே என்று பலரும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அன்றிலிருந்து கையில் இருப்பது மூன்றாம் நபர் பாலிசி மட்டும். வண்டி புதிது போலவே இருக்கும், சோதனையில் நிறுத்துகிற போலீஸ்காரரும் செல்லும் என்றே சொல்வார். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் காப்பு போயிருக்கும்.

அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த மருமகள்தான் அந்தக் கேள்வியைக் கேட்டது.

“அப்படின்னா இவர் ஓட்டி எனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, எங்குழந்தைக மாமா மேல கேஸ் போடோணுமுங்களா?”

பெரியவர் சட்டென்று அவளைப் பார்த்தார். “அப்படியெல்லாம் பேசாத கண்ணு” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “அதச் சொல்லுங்க மொதல்ல” என்றார்.

சொன்னேன். முழு பேக்கேஜ் பாலிசி எடுங்கள். காரில் பயணிப்பவர்களுக்குப் பொறுப்பு உண்டு என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒவ்வோர் ஆண்டும் சொந்தச் சேதப் பாலிசியைத் தேதி தவறாமல் புதுப்பியுங்கள். அதோடு ஆளுக்கு 2 லட்சம் வரை கிடைக்கிற பயணிகள் தனிநபர் விபத்துக் காப்பு என்று ஒன்று இருக்கிறது. யார் மேல் தவறு என்று பாராமல் கொடுப்பது அது. சிறு தொகைதான், ஏழு சீட்டுக்கும் சேர்த்துப் போடுங்கள்.

ஆர்சி யார் பேரில் என்ற பேச்சு அதைவிட நீண்டது. பெரியவர் பேரில் எடுப்பதாக முடிவாகியிருந்தது. அவருக்கு லைசென்ஸ் காலாவதியாகி ரொம்ப நாளாயிற்று. உரிமையாளரே ஓட்டுநர் என்றால் 15 லட்சம் ரூபாய்க்குக் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு இருக்கிறது. செல்லுபடியாகும் லைசென்ஸ் உரிமையாளரிடம் இல்லையென்றால் அதைக் கொடுக்க மாட்டார்கள். கம்பெனி பேரில் எடுத்தாலும் கொடுக்க மாட்டார்கள். வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவன் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறான் என்று 2009-ல் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால், மகனுக்கு மூன்றாம் நபர் என்ற உரிமையும் கிடையாது. எந்நேரமும் ஸ்டியரிங் பிடிக்கப்போகிற மகனுக்கு ஒன்றுமே இல்லாமல் போகும். தேய்மானக் கழிவுக்காகப் பட்டறை பேரில் எடுக்கச் சொல்லி ஆடிட்டர் யோசனை சொல்லியிருந்தாராம். வருமான வரியில் மிச்சமாகிற காசு இந்த 15 லட்சத்துக்கு ஈடாகாது என்றேன்.

ஆட்களின் எண்ணிக்கையையும் சொல்லிவிட்டேன். ஏழு சீட் என்பது ஓட்டுகிறவரையும் சேர்த்து ஏழு. சீர் கொண்டுபோகும் நாளில், குலதெய்வம் கோயிலுக்குப் போகும் நாளில் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறுவதை நம் ஊரில் தப்பாகவே நினைப்பதில்லை. இமாச்சலப் பிரதேசத்தில் 42 பேருக்கு அனுமதி பெற்ற பேருந்தில் இரண்டு மடங்கு ஆட்கள் ஏறிக் கவிழ்ந்த அஞ்சனா ஷ்யாம் வழக்கில், 2007-ல், அனுமதித்த எண்ணிக்கைக்கு மட்டுமே நிறுவனம் பொறுப்பு, அந்தத் தொகையை எல்லோரும் விகிதப்படி பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். எட்டாவது ஆளாக மடியில் உட்கார்ந்து வந்த குழந்தை மற்ற ஏழு பேரின் பங்கிலிருந்துதான் வாங்க வேண்டியிருக்கும்.

எடுக்கலாமா வேண்டாமா என்பதுதான் அவர்கள் கேட்க வந்தது. வருடத்தில் பழனிக்கு ஒரு தடவை, இரண்டு கல்யாணம், அவ்வளவுதான் ஏழு பேரும் சேர்ந்து போவது என்றால், மஞ்சள் போர்டு இன்னோவா பிடிப்பதே மேல். அதில் ஏறுகிறவர்களைச் சட்டமே காக்கிறது என்றேன். மருமகள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பெரியவரின் வீட்டம்மாவுக்குப் பொள்ளாச்சியிலிருந்து கோவை வரைக்கும் அடிக்கடி ஆஸ்பத்திரி நடை. கூட இரண்டு பேர் போக வேண்டும், குழந்தைகளை வீட்டில் விட ஆளில்லை. பழைய காரில் அந்த அம்மாவால் காலை நீட்ட முடியவில்லை. அப்படியென்றால் எடுங்கள் என்று சொன்னேன். நல்ல காரணம் அது.

மகன் பேரில் எடுத்தார்கள். பட்டறைக் கணக்கில் காட்டவில்லை. பயணிகளுக்கும் பொறுப்பு உண்டு என்ற கடிதம் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்து, அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சரிபார்த்துக்கொண்ட பிறகுதான் மீதிப் பணத்தைக் கட்டினார்கள். அனுப்பியது மருமகள். அடுத்த ஆண்டு புதுப்பிக்க வேண்டிய தேதியையும் கீழே எழுதியிருந்தாள். அதற்கு ஒரு வாரம் முன்னால் நினைவுபடுத்தும்படி என் குமாஸ்தாவிடமும் சொல்லிவைத்திருந்தாள்.