எங்கள் வீட்டு மரப்பாலம்



போன வாரம் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, “டீச்சர், ஆறே இல்லாத கொரட்டூரில் பாலம் எதற்கு?” என்று ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தீர்கள். பூகோள டீச்சரிடம் கேட்டால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

அம்பத்தூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தை இடித்தார்கள். அதன் தோட்டத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிற்கவைத்துப் படம் எடுப்பதற்காகப் போட்டிருந்த வளைந்த மரப்பாலம் இது. பழைய கதவு, ஜன்னல் விற்கிற கடையில் நிலைப்படிகளுக்கு நடுவே கிடந்தது. ஆறடி நீளம். கடைக்காரர் 8,000 சொன்னார், 4,500க்கு முடிந்தது. குட்டி யானை வாடகை தனி.

வண்டியிலிருந்து இறக்கும்போது என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “எதுக்கு மேல போடப்போற?”

நியாயமான கேள்வி. வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒன்பதடி அகலத்துக்கு மண் தரை இருக்கிறது. அதில் பேவர் பிளாக் போட்டால் கார் நிறுத்தலாம் என்பது பெங்களூரில் இருக்கும் மகனின் யோசனை. வருடத்துக்கு இரண்டு தடவை வருகிற கார்! வீட்டையே புரமோட்டரிடம் கொடுத்து இரண்டு ஃபிளாட் வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சும் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் தனி வீடுகளை இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எனக்கு அந்த மண் வேண்டும். காரணம் சொல்கிறேன். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கு வரும். இது நிரம்பினால் ரெட்டேரிக்குப் போகும். நடுவில் இருக்கிற நாம் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் என்ன பாடு பட்டோம் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் மொட்டை மாடி 800 சதுர அடி. அதில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 740 லிட்டர். 10 செ.மீ. என்றால் 7,400. அவ்வளவும் குழாய் வழியாகத் தெருவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தபோது எல்லா வீட்டிலும் குழி வெட்டினோம். எத்தனை வீட்டில் இன்று அது வேலை செய்கிறது, எட்டிப் பாருங்கள். எங்களுடையது மண் மூடிக் கிடந்தது.

ஆகவே பாலத்துக்காக ஒரு வாய்க்கால் வெட்டினோம். மாடிக் குழாய் விழும் இடத்திலிருந்து முன்பக்கக் குழி வரை, சுவரை விட்டு விலகி, லேசான சரிவோடு, ஒன்றேகால் அடி ஆழம். அடியில் ஜல்லி, மேலே கூழாங்கல், கரையில் வெட்டிவேரும் கல்வாழையும். குழியையும் தூர் வாரியாயிற்று. கொசு வராதா என்று கேட்பீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பிடிக்கும். தண்ணீர் அதற்குள் இறங்கிவிட்டால் கவலை இல்லை.

ஆசாரி வந்து இற்றுப்போன இரண்டு பலகைகளை மாற்றினார். பாலத்தின் கால் மண்ணில் படவே கூடாது, கரையானுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும் என்று இரண்டு முனைக்கும் கருங்கல் கொடுத்தார். வார்னிஷ் வேண்டாம் என்று, பண்ருட்டியிலிருந்து முந்திரிக்கொட்டை எண்ணெய் வரவழைத்துப் பூசினார். படகுக்கெல்லாம் பூசுகிற எண்ணெய். கையில் பட்டால் தோல் வெந்துவிடும், நீங்களாகச் செய்துபார்க்காதீர்கள்.

பக்கத்து வீட்டு மாமி, “வாய்க்கால் வெட்டினா எங்க சுவர்ல ஓதம் ஏறும்” என்று சண்டைக்கு வந்தார். ஓவியர் மோனே நினைவுக்கு வந்தார். பிரான்ஸில் ஷிவெர்னி என்ற ஊரில் 1893இல் அவர் அல்லிக்குளம் வெட்டப்போனபோது, வெளிநாட்டுச் செடிகள் தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். பிறகு அந்தக் குளத்தின் மேல் போட்ட ஜப்பானியப் பாலத்தைத்தான் அவர் திரும்பத் திரும்ப வரைந்தார். மாமியிடம் இதைச் சொல்லவில்லை. வாய்க்காலை அவர் சுவரிலிருந்து இன்னும் ஓர் அடி தள்ளி வெட்டச் சொன்னேன். சமாதானம் ஆயிற்று.

செவ்வாய் இரவு நல்ல மழை. டார்ச் அடித்துப் பார்த்தால் பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது! இவர் குடையோடு போய் நடுப்பாலத்தில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்கிறார். காலை பத்து மணிக்குள் முழுக்க மண்ணுக்குள் இறங்கிவிட்டது.

போனில் விசாரித்த உறவினர்களுக்கும் இதுதான் பதில். புரமோட்டர் கொடுத்த பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். மகனிடமும் சொல்லியாகிவிட்டது. இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் பாலத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான்.

என் பழைய மாணவி ஒருத்தி தன் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். இதே பாலம், இதே கைப்பிடி! குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். மற்றவர்களும் வாருங்கள். ஆனால் ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் ஏறலாம். ஆசாரி உத்தரவு.