இரவல் நெருப்பு

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல் கரையில், சென்ற மாதம் ஒரு மாலை, நம் வகுப்புப் பிள்ளைகளுடன் உட்கார்ந்திருந்தோம். ஹென்றிக்கஸ் பாதிரியாரின் 'அடியார் வரலாறு' 1586-ல் இவ்வூரிலேயே அச்சாயிற்று என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். யந்திரம் அயலாருடையது, மொழி நம்முடையது என்று அந்தப் பெருமையைச் சற்று நீட்டியே முழக்கினோம். உபாத்தியாயர் தொழிலில் இது ஒரு வியாதி.

பேச்சு, இதே கடற்கரையில் தெற்கே நிற்கும் கூடங்குளத்துக்குத் திரும்பிற்று. 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் செய்த ஒப்பந்தம் அது. சோவியத் யூனியனே மறைந்த பிறகு, 2002-ல் கட்டட வேலை தொடங்கி, 2013-ல் முதல் உலை மின்சாரம் அளித்தது.

"உலையும் ருஷ்யாவுடையது, எரிபொருளும் ருஷ்யாவுடையது. அவர்கள் கோபித்துக்கொண்டால் என்ன ஸார் செய்வது?" என்றான் ஒரு பையன். டீசல் வாங்க வழியின்றித் தகப்பனாரின் படகு கரையில் கிடந்ததைக் கண்டவன் அவன்.

தாராப்பூர்க் கதையைச் சொன்னோம். 1969-ல் நமது முதல் அணுமின் நிலையத்தை அமெரிக்கர் கட்டித் தந்தனர். செறிவூட்டிய யுரேனியமும் அவர்களே தருவதாக 1963-ல் ஒப்பந்தம். 1974-ல் பொக்ரானில் குண்டு வெடித்ததும் மனஸ்தாபம் மூண்டது. பிறகு எரிபொருள் நின்றது. 1982-ல் பிரான்ஸ் கைகொடுத்தது. ராஜஸ்தானத்தில் இரண்டாவது உலையைப் பாதியில் விட்டுக் கானடாக்காரர் விலகினர். அவர்கள் கோபத்துக்கும் நியாயம் உண்டு; அவர்கள் தந்த ஆராய்ச்சி உலையின் புளுட்டோனியமே பொக்ரானில் வெடித்தது. ஆயினும் அந்த உலையை நம்மவரே முடித்து 1981-ல் இயக்கினர். அது இயற்கை யுரேனியத்தில் ஓடுவது. அதே வகை உலையைக் கல்பாக்கத்தில் நாமே கட்டி, 1983-ல் மின்சாரம் எடுத்தோம். அண்டை வீட்டில் நெருப்பு வாங்கி அடுப்பு மூட்டிய நம் பாட்டிமார், விறகை மட்டும் தம் வீட்டில் வைத்திருந்தார்கள் அல்லவா?

பையன் திருப்தியடைந்தான். பக்கத்திலிருந்த பெண் அடையவில்லை. அவளுடைய தாயாருக்கு மணப்பாட்டில் உறவினர் உண்டு. 2012 செப்டம்பரில், இடிந்தகரைப் போராட்டத்தை ஒட்டி, அவ்வூரில் ஒரு மீனவர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்.

"அந்த ஒப்பந்தம் எழுதும்போது கரைக்காரர்களை யாராவது கேட்டார்களா ஸார்?"

டில்லியையும் மாஸ்கோவையும் பற்றி அரைமணி நேரம் பேசிய நமக்கு, இடிந்தகரையைச் சொல்லத் தோன்றவே இல்லை.

"இல்லை, அம்மா" என்றோம். இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகளை எழுப்பி, ஊரை நோக்கி நடந்தோம்.