தண்ணீர் கொடுக்கப் போனவனுக்கே தண்ணீர்



இந்தப் பக்கத்தில் வழக்கமா அன்னதானப் பட்டியல், உபயக்காரர் பெயர், திருவிழா நேரம்னுதான் எழுதுவேன். இன்னிக்குக் கொஞ்சம் என் சொந்தக் கதை. நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க. பத்துமலைக்குப் போற நம்ம எல்லாருக்கும் இதுல ஒரு விஷயம் இருக்குன்னு நினைக்கிறேன்.

போன வருடத்துக்கு முந்தின தைப்பூசம். வழக்கம்போல நம்ம கோயில் தொண்டூழியர்கள் பத்துமலை அடிவாரத்தில் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தோம். மேலே படியில் ஒரு அம்மாவுக்குத் தலை சுத்துது, தண்ணீர் வேணும்னு ஒரு பையன் ஓடி வந்து சொன்னான். நான் ரெண்டு போத்தலை எடுத்துக்கிட்டு வேகமா ஏறினேன்.

மொத்தம் 272 படி. நூறு தாண்டும்போதே நெஞ்சு படபடன்னு அடிச்சுது. அந்த அம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தப்ப எனக்குப் பேச்சே வரலை. கால் நடுங்கி அவங்க பக்கத்திலேயே உட்கார்ந்துட்டேன். அந்த அம்மாவுக்கு எழுபது வயசாவது இருக்கும். என் முகத்தைப் பார்த்தாங்க. நான் கொண்டுபோன போத்தலைத் திறந்து என் கையிலேயே கொடுத்து, "நீ முதல்ல குடி தம்பி" ன்னாங்க.

சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. எனக்கு 46 வயசு, 88 கிலோ, நாள் முழுக்க நாற்காலியில் கணக்கு வேலை. தொண்டு செய்யணும்னு மனசு இருக்கு. அதைத் தூக்கிக்கிட்டுப் போக உடம்பு இல்லை.

அடுத்த வாரம் கிளினிக் போனேன். இரத்த அழுத்தம் கொஞ்சம் அதிகம், இனிப்பு எல்லைக்கோட்டில். "மருந்து இப்ப வேணாம், உடம்பை அசைங்க, மெதுவா ஆரம்பிங்க" ன்னு டாக்டர் சொன்னார். அதுல "மெதுவா" ங்கிற வார்த்தை மட்டும் என் காதில் விழலை.

எங்க அடுக்குமாடியில் ஒரு சின்ன உடற்பயிற்சி அறை, அதில் ரெண்டு டிரெட்மில். முதல் நாள் பக்கத்து மெஷினில் ஒரு இளைஞர் 10-இல் ஓடிக்கிட்டிருந்தார். நான் மட்டும் குறைச்சலான்னு 9 வச்சேன். ரெண்டரை நிமிடம்கூடத் தாங்கலை. சிவப்புப் பொத்தானை அழுத்தி, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மறுநாள் முட்டி வலி.

அப்புறம் என் மகள்தான் கேட்டாள்: "அப்பா, ஓடுறதுன்னா வேகமா ஓடணும்னு யார் சொன்னா?" அவளே உட்கார்ந்து ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தாள். 7 வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், 5 வேகத்தில் ரெண்டு நிமிடம் நடை. இதையே எட்டு தடவை, மொத்தம் 24 நிமிடம். வாரத்தில் மூணு நாள் மட்டும், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. வாரா வாரம் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டி, நடையைக் கொஞ்சம் குறைக்கணும்.

பத்தாவது வாரம் நிற்காமல் 25 நிமிடம் ஓடினேன். கிட்டத்தட்ட மூணு கிலோமீட்டர்! திரையில் வந்த எண்ணைப் படம் பிடிச்சு நம்ம கோயில் வாட்ஸ்அப் குழுவில்கூடப் போட்டேன். ஞாபகம் இருக்கும்.

அடுத்த ஞாயிறு, பெரிய ஓட்டக்காரன் மாதிரி தித்திவங்சா ஏரிக்குப் போனேன். பசியாறிட்டு, காடியை நிறுத்திட்டு, எட்டரை மணிக்கு ஆரம்பிச்சேன். ஆறு நிமிடம். அவ்வளவுதான். இடுப்பில் கை வச்சுக்கிட்டு மரத்தடியில் நின்னுட்டேன். பத்து வாரம் பண்ணினதெல்லாம் வீணான்னு அழுகையே வந்துடுச்சு.

வீணில்லை. ஏன் அப்படி ஆச்சுன்னு பிறகுதான் புரிஞ்சுது.

முதல் காரணம் வேகம். மெஷினில் 7-ன்னு வச்சா 7-தான். வெளியே பிடிச்சு நிறுத்த ஆளில்லை. கைப்பேசியைப் பார்த்தா நான் 9-க்கு மேலே ஓடியிருக்கேன், எனக்கே தெரியாமல்.

ரெண்டாவது நம்ம ஊர் வெக்கை. அறையில் ஏர்கோன், மின்விசிறி. வெளியே காற்றிலேயே ஈரம், வேர்வை காயவே காயாது. வேர்வை காய்ஞ்சாத்தான் உடம்பு குளிரும். அது நடக்காதப்ப இருதயம் காலுக்கும் இரத்தம் அனுப்பணும், சூட்டை வெளியேத்தத் தோலுக்கும் அனுப்பணும். அதே வேகத்துக்கே கூடுதல் வேலை.

மூணாவது தரை. ஏற்றம், இறக்கம், வளைவு, வேர் தூக்கின நடைபாதை. கெண்டைக்காலும் கணுக்காலும் பழகாத வேலையைச் செய்யுது.

அதனால் வெளியே ஓட மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிச்சேன். ரெண்டு நாள் மெஷின், ஞாயிறு மட்டும் ஏரி. அதுவும் விடியறதுக்கு முன்னாடியே. ரெண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. தூரத்தைப் பார்க்கிறதை விட்டுட்டு நேரத்தை மட்டும் பார்த்தேன். ரெண்டு மூணு வாரத்தில் வெக்கை கொஞ்சம் பழகிடுச்சு. அப்புறம்தான் வெளி ஓட்டத்தை ரெண்டு நாளாக்கினேன்.

வேகத்தை எப்படிப் பிடிச்சேன்னு கேட்பீங்க. ஓடும்போது பேச முடிஞ்சா சரியான வேகம், பேச முடியலைன்னா அதிகம்னு சொல்வாங்க. எனக்குப் பேச ஆளில்லை. அதனால் கந்த சஷ்டி கவசத்தை முணுமுணுத்துக்கிட்டே ஓடினேன். ஒரு வரி ஒரே மூச்சில் வந்தா சரி. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினா வேகத்தைக் குறைப்பேன். என் பயிற்சியாளர் முருகன்தான்.

தப்பும் பண்ணினேன். கொஞ்சம் நல்லா வந்ததும் ஒரே வாரத்தில் ஓட்டத்தை ரெண்டு மடங்காக்கினேன். முன்னங்கால் எலும்போரம் வலி வந்து பத்து நாள் உட்கார்ந்தேன். மூச்சும் இருதயமும் சீக்கிரம் தேறிடும், எலும்பும் தசைநாரும் மெதுவாத்தான் தேறும். பழைய பூப்பந்துச் சப்பாத்தைத் தூக்கிப் போட்டுட்டு ஓட்டத்துக்குன்னு ஒரு ஜோடி வாங்கினதும் அப்பதான்.

ஏரியில் ஒரு சீன அங்கிள் இருக்கார், எழுபது வயசிருக்கும். வாரா வாரம் என்னை முந்திக்கிட்டுப் போவார். போகும்போது "ஸ்லோலி, ஸ்லோலி" ன்னு கையை ஆட்டுவார். முதலில் கோபம் வந்துச்சு. இப்ப அதுதான் எனக்கு உபதேசம்.

வெளியே வந்த நாலாவது மாசம் நிற்காமல் அஞ்சு கிலோமீட்டர் ஓடினேன். 43 நிமிடம். யாருக்கும் பெரிசா சொல்லிக்கிற வேகம் இல்லீங்க. ஆனா முடிச்சதும் அந்த அங்கிளோட நின்னு பேச முடிஞ்சுது.

ஒண்ணு யோசிச்சேன். தைப்பூசத்துக்கு நாம விரதம் இருக்கோம். சிலர் 48 நாள்கூட இருப்பாங்க. கடைசி நாள் மட்டும் இருந்தா போதும்னு யாரும் சொல்றதில்லை. நாக்கும் மனசும் நாளுக்கு நாள் பழகணும்னு நமக்குத் தெரியும். ஆனா காலையும் மூச்சையும் மட்டும் அன்னிக்குக் காலையில்தான் கேட்கிறோம். காவடியோ பால்குடமோ எடுத்துக்கிட்டு 272 படி ஏறுன்னு சொல்றோம். தாங்கு சக்தியும் ஒரு விரதம் மாதிரிதான். கொஞ்சம் கொஞ்சமா, நாள் விடாமல், அவசரம் இல்லாமல்.

போன தைப்பூசத்தில் தண்ணீர் போத்தலோட மூணு தடவை ஏறி இறங்கினேன். மூச்சு வாங்கத்தான் செஞ்சுது. ஆனா மேலே போய்ச் சேர்ந்ததும் "அம்மா, உட்காருங்க, மெதுவாக் குடிங்க" ன்னு சொல்ல என்கிட்ட மூச்சு மிச்சம் இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா முகம் தெரியுதான்னு தேடினேன். தெரியலை. எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும்.

ஆரம்பிக்க நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. இனிப்புநீர், இரத்த அழுத்தம், இருதயக் கோளாறு இருந்தா டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீங்க. நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தா உடனே நிறுத்தி உதவி கேளுங்க. புகைமூட்டத்திலும் இடி மின்னலிலும் வெளியே வேணாம், அன்னிக்கு மெஷின் போதும்.

ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு ஏரிப் பக்கம் இருப்பேன். ஓட வேணாம், நடக்க வந்தாலும் சந்தோஷம். என்னை முந்திக்கிட்டுப் போனாலும் கோபிச்சுக்க மாட்டேன். ஒன்பது மணிக்குள்ள கோயிலுக்கு வந்து காய்கறி நறுக்கணும், அது மட்டும் மறக்க வேணாம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!