நட்சத்திரப் போரும் நமது ஏமாற்றமும்

சினிமாவைப் பற்றி எழுதுவதற்கு ஒரு தோட்டத்துக் கிராணிக்கு என்ன தகுதி உண்டு என்று நேயர்கள் கேட்கலாம். செக்ரோல் எழுதுவதும், குலைகளின் எடையைப் புத்தகத்தில் ஏற்றுவதுமே எமது தொழில். ஆயினும், ஒரு படத்திற்காகக் காத்திருந்து ஏமாந்த கதை எம்மிடம் உண்டு. அவ்வேமாற்றத்தை யார் தலையில் இறக்கினோம் என்னும் வெட்கக்கேடான கதையும் உண்டு. முன்னதை நண்பர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறோம். பின்னதை எழுத இப்பொழுதுதான் துணிகிறோம்.

எமது பிறப்பு ஜோகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் லயத்தில். எமக்கு எட்டு வயது ஆனபோது, சிங்கப்பூரில் கப்பல் பட்டறையொன்றில் வேலை பார்த்துவந்த தாய்மாமன் எம்மை அழைத்துச் சென்று அங்கே ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார். அவருக்கு மனைவி மக்கள் இல்லை. எமது படிப்பும், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பார்க்கும் வீடியோ நாடாக்களுமே அவருடைய குடும்பம் எனலாம். அந்நாடாக்களுள் அவர் தனியே ஒரு துணிப்பையில் வைத்துப் போற்றியவை மூன்று. அவையே 'ஸ்டார் வார்ஸ்' படங்கள்.

அறியாதார் பொருட்டுச் சிறிது சொல்லுவோம். 1977ஆம் ஆண்டில் ஜார்ஜ் லூக்காஸ் என்னும் அமெரிக்க இயக்குநர் இவ்வரிசையின் முதற்படத்தை வெளியிட்டார். மணற்காடான ஒரு கிரகத்தில், உறவினரின் பண்ணையில் வேலை செய்து வளர்கிறான் லூக் என்னும் இளைஞன். மாலையில் இரண்டு சூரியன்கள் மறைவதைப் பார்த்துக்கொண்டு, இவ்விடத்தை விட்டு என்று வெளியேறுவோம் என்று ஏங்கி நிற்கிறான். பின்னர் ஒரு கொடிய பேரரசை எதிர்க்கும் கூட்டத்தில் சேர்ந்து வெற்றி காண்கிறான். 1980லும் 1983லும் அடுத்த இரண்டு படங்கள் வந்து கதை முற்றுப்பெற்றது. மாமா முதற்படத்தைப் பதினான்காம் வயதில் கொட்டகையிலே பார்த்தவர். லூக் அந்தச் சூரியன்களைப் பார்த்து நிற்கும் இடம் வரும்போதெல்லாம், "பார் மாப்பிள்ளை, அவனும் தோட்டத்துப் பிள்ளைதான்" என்பார். அச்சொல் எம் நெஞ்சில் ஆழப் பதிந்துவிட்டது.

மூன்றாவது படத்திற்குப் பின் பதினாறு ஆண்டுகள் கொட்டகைக்குப் புதிய 'ஸ்டார் வார்ஸ்' படம் வரவில்லை. 1997இல் பழைய படங்களையே புதுக்கித் திரையிட்டனர். அதன் பின், லூக்கின் தந்தையுடைய இளம்பருவக் கதை 1999 மே மாதத்தில் வெளிவரும் என்ற செய்தி உறுதியாயிற்று. அமெரிக்காவில் ரசிகர்கள் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பு வரும். 1998 நவம்பரில் அப்படத்தின் முன்னோட்டத் துண்டு வேறு சில படங்களுக்கு முன்னர்க் காட்டப்பட்டது. சில நிமிடத் துண்டிற்காக முழு டிக்கெட்டு வாங்கி உள்ளே சென்று, அது முடிந்தவுடன் எழுந்து வெளியேறியவர்கள் பலர். ஹாலிவுட்டில் உள்ள பெயர்பெற்ற சீனக் கொட்டகையின் வாசலில், வெளியீட்டிற்கு ஒரு மாதத்திற்கு மேல் இருக்கும்போதே வரிசை பிடித்துப் படுத்துக் கிடந்தோரும் உண்டு.

அவர்களைப் பார்த்துச் சிரிக்க எமக்கு உரிமை இல்லை. நாமும் மாமாவும் அடுப்பங்கரைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தோம். அமெரிக்காவில் வெளியான பின்னரும் எம் பக்கம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. முதல் நாள், முதல் ஆட்டம், நட்டநடு இருக்கை என்று மாமா தீர்மானம் செய்திருந்தார். அதற்காக ஓவர்டைம் வேலை பார்த்துப் பணம் ஒதுக்கினார். எமக்கு அப்பொழுது பத்து வயது. மாமாவுக்கும் அப்பொழுது பத்து வயதுதான் என்று சொல்லலாம்.

அந்த நாளும் வந்தது. விளக்குகள் அணைந்தன. பழைய இசை எழுந்தபோது மாமா எம் கையைப் பற்றிக்கொண்டார். அவருடைய கை நடுங்கிற்று. மஞ்சள் எழுத்துக்கள் திரையில் மேலேறின. அவற்றில் என்ன எழுதியிருந்தது? வணிகப் பாதைகளுக்கு வரி விதிப்பது பற்றிய தகராறு! விண்மீன்களிடையே பறக்கலாம் என்று வந்தவர்களைச் சுங்க ஆபீசின் வாசலில் நிறுத்தியது போலிருந்தது. பின்னர்ச் சபை கூடிற்று, தீர்மானம் வந்தது, விவாதம் நடந்தது. பந்தய வண்டிகளின் போட்டியும் இறுதியில் வரும் வாட்போரும் அன்றும் நன்றாயிருந்தன, இன்றும் நன்றாயிருக்கின்றன. ஆனால் எங்கள் கண் முன் ஓயாமல் வந்து நின்றவன் ஜார் ஜார் பிங்க்ஸ். நீரிலும் நிலத்திலும் வாழும் நெட்டைப் பிராணி, தொங்கு காது, கால் பின்னும் நடை, உடைந்த ஆங்கிலம். அவன் தடுக்கி விழும்போதெல்லாம் சிறுபிள்ளைகள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. ஆகவே நாமும் சிரிக்கவில்லை.

வேறொன்றும் எம்மை உறுத்திற்று. பழைய படங்களில், உலகை இயக்கும் ஓர் ஆற்றல் உண்டு. அது கல்லிலும் மரத்திலும் மனிதரிலும் நிறைந்து எல்லாவற்றையும் பிணைத்து நிற்பது என்று யோடா என்னும் முதிய ஆசான் லூக்குக்குக் கற்பிப்பார். கண்ணை மூடிக்கொண்டால் அவ்வாற்றல் எமக்கும் கைகூடும் என்று எத்தனையோ இரவுகளில் முயன்று பார்த்திருக்கிறோம். புதிய படத்திலோ, அது இரத்தத்தில் உள்ள நுண்ணுயிர்களின் எண்ணிக்கையோடு சேர்ந்தது என்று கூறி, சிறுவன் அனாக்கினின் இரத்தத்தைச் சோதித்து, இருபதாயிரத்திற்கு மேல் என்று கணக்குக் கொடுத்தார்கள். அதன் பொருள் அந்த வயதில் விளங்கவில்லை. எம்முடைய பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று மட்டும் தோன்றிற்று.

ரயிலில் திரும்பும்போது மாமா கேட்டார்: "என்ன மாப்பிள்ளை, படம் எப்படி?" அவர் செலவழித்த பணம் எம் நினைவுக்கு வந்தது. "நன்றாயிருந்தது மாமா" என்றோம். "ஆமாம், நன்றாகத்தான் இருந்தது" என்றார் அவரும். பிறகு வீடு சேரும்வரை இருவரும் பேசவில்லை. மறுநாள் மாமா நாட்காட்டியின் அந்தத் தாளைக் கிழித்துவிட்டார்.

மாமாவிடம் காட்ட முடியாத கோபம் எங்கே போகும்? அது பள்ளிக்கூடத்திற்குப் போயிற்று. எம் வகுப்பில் அவ்வாண்டு புதிதாகச் சேர்ந்த தமிழ்ப் பையன் ஒருவன் இருந்தான். எம்மைப் போலவே தோட்டத்திலிருந்து வந்தவன். வயதுக்கு மிஞ்சிய உயரம், நீண்ட கைகள், நடக்கும்போது மேசைகளில் இடித்துக்கொள்வான். அவனுடைய ஆங்கிலம், நாம் வந்த புதிதில் பேசிய அதே ஆங்கிலம். ஒருநாள் அவன் எழுந்து பாடம் வாசித்துத் தடுமாறியபோது, "ஜார் ஜார்!" என்றோம். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அன்று முதல் அவனுக்கு அதுவே பெயர். சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் அப்பெயராலேயே கூப்பிட்டார்கள். மறுவருடம் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஊருக்குத் திரும்பிவிட்டான் என்றார்கள். நாம் அதைப் பற்றி ஒரு கணமும் எண்ணிப் பார்க்கவில்லை.

நிற்க. 2012ஆம் ஆண்டில் லூக்காஸ் தம் கம்பெனியை ஏறக்குறைய 405 கோடி டாலருக்கு டிஸ்னி கம்பெனியாரிடம் விற்றுவிட்டார். 2015இல் இவ்வரிசை மீண்டும் உயிர்பெற்றது. அப்பொழுது நாம் தோட்டத்தில் கிராணியாகிவிட்டோம். ஆயினும் பாலத்தைக் கடந்து சென்று மாமாவோடுதான் படம் பார்த்தோம். ரே என்னும் பெண் அதன் கதாநாயகி. பழைய இரும்பு பொறுக்கிப் பிழைக்கும் அநாதை. அவள் யார் மகள் என்று உலகமெங்கும் ரசிகர்கள் இரண்டு ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தார்கள். 2017இல் வந்த அடுத்த படம், அவள் பெற்றோர் யாருமறியாத எளியவர்கள் என்று சொல்லிற்று. அப்படத்தின் கடைசிக் காட்சியில், இலாயத்தில் ஊழியம் செய்யும் ஓர் ஏழைப் பையன் கையை நீட்டுகிறான். துடைப்பம் தானே அவன் கைக்கு வருகிறது. நாம் இருக்கையை விட்டு எழுந்துவிட்டோம். பத்து வயதில் இழந்த பொருளை யாரோ திருப்பிக் கொடுத்தது போலிருந்தது.

அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. பல ரசிகர்கள் அப்படத்தை வன்மையாகத் தாக்கினர். 2019இல் வந்த முடிவுப் படம், ரே பழைய பேரரசன் பால்பட்டீனின் பேத்தி என்று கதையை மாற்றிவிட்டது. இரத்தமும் பரம்பரையும் மறுபடியும் அரியணை ஏறின. பழைய படங்களிலும் குலப்பெருமை இல்லாமலில்லை. லூக்கும் பெரிய வீரன் ஒருவனின் மகனே. ஆயினும் ஒரு கதவைத் திறந்து காட்டிய பின் அடைப்பது முதலிலேயே திறவாதிருப்பதினும் கொடிது. பிறப்பைக் காட்டி மனிதரைத் தரம் பிரிக்கும் பழக்கத்தால் நம்மவர் பட்டது போதாதென்று, விண்வெளியிலும் அதைக் கொண்டுபோய் வைக்க வேண்டுமா?

இவ்வாறு நியாயம் பேசிக்கொண்டிருந்த எம்மை ஒரு செய்தி தலைகுனியச் செய்தது. ஜார் ஜாராக நடித்தவர் அஹ்மத் பெஸ்ட் என்னும் கறுப்பின அமெரிக்கக் கலைஞர். அவர் ஆடிக்காட்டிய அசைவுகளைக் கொண்டே கணினியில் அவ்வுருவத்தைப் படைத்தார்கள். படம் வந்த பின் அவர்மேல் பொழிந்த ஏளனத்தால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை சென்றதாக 2018ஆம் ஆண்டில் அவரே வெளிப்படுத்தினார். அதே ஆண்டில், 2017 படத்தில் ரோஸ் என்னும் தொழிலாளிப் பெண்ணாக நடித்த வியட்நாமிய வழியினரான கெல்லி மேரி டிரானும், இடைவிடாத வசைகளுக்குப் பின் தம் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருந்தவற்றை அழித்துவிட்டார். வரித்தகராற்றை எழுதியவர் பெஸ்ட் அல்லர். இரத்தக் கணக்கை எழுதியவரும் அவர் அல்லர். ஆனால் ஏமாந்தவர்களின் கைக்கு எட்டியவர் அவரே. எமக்கு எட்டியவன் வகுப்பில் இருந்த அந்த நெட்டைப் பையன்.

2023ஆம் ஆண்டில் ஒரு நாள், குலை ஏற்ற வந்த லாரியின் புதிய ஓட்டுநர் ஆபீசு ஜன்னலில் சீட்டை நீட்டினார். நல்ல உயரம். எம்மை உற்றுப் பார்த்து, "கிராணியாரே, தெரியவில்லையா? சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடம்" என்றார். நாம் விழித்தோம். அவர் சிரித்துக்கொண்டே, "நான்தான், ஜார் ஜார்" என்றார். அவருடைய இயற்பெயர் எமக்கு நினைவில்லை என்பதை அவர் அறிந்தேயிருந்தார். அவர் பெயரை அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

அன்று தேநீர் வாங்கிக் கொடுத்ததன்றி வேறொன்றும் சொல்ல நாவெழவில்லை. மூன்றாம் முறை அவர் வந்தபோது, செய்தது தவறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டோம். "சின்ன வயது விஷயம், விடுங்கள்" என்றவர், சற்றுப் பொறுத்து, "அந்தப் படத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அவன் எப்படிப்பட்டவன் என்று பார்க்கவே பயம்" என்றார்.

2024ஆம் ஆண்டு, படம் வெளியாகி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு மேல்நாடுகளில் அதை மீண்டும் திரையிட்டனர். நாம் அவரைக் குடும்பத்துடன் வீட்டிற்கு அழைத்து, தொலைக்காட்சியில் அதைப் போட்டோம். மாமாவும் வந்திருந்தார். ஜார் ஜார் தடுக்கி விழுந்தபோது எங்கள் இரு வீட்டுப் பிள்ளைகளும் உருண்டு சிரித்தார்கள். இது சிறுவர்க்கான படம் என்று லூக்காஸ் சொல்லிவந்தது அப்பொழுதுதான் எம் காதில் ஏறிற்று. விகாரம் செய்கிறான் என்று சொந்த இனத்தாரால் துரத்தப்பட்ட அவன், முடிவில் பகைத்து நின்ற இரண்டு இனங்களை ஒன்று சேர்க்கத் துணைநிற்கிறான். அதையும் நாம் அன்று கவனிக்கவில்லை.

படம் முடிந்ததும் நண்பர், "இவன் நல்லவனாக அல்லவா இருக்கிறான்!" என்றார். எம்மால் பதில் சொல்ல முடியவில்லை. மாமாதான் சொன்னார்: "படம் அப்படி ஒன்றும் நன்றாயில்லை, தம்பி. ஆனால் அது அவன் குற்றமில்லை."

இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மாமா வாயிலிருந்து வந்த உண்மை அது. அன்றே ரயிலில் இருவரும் அதைச் சொல்லியிருக்கலாம். ஒரு பையன் பள்ளியை விட்டுப் போகாமல் இருந்திருக்கக்கூடும். நேயர்களே, ஆசைப்பட்டு ஏமாறுவது குற்றமன்று. ஏமாந்தால், படைத்தவரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். எளியவன் தலையில் மட்டும் அதை இறக்காதீர்கள்.