ஏர் இழுக்குது, தம்பி

ராயல் என்ஃபீல்டு 2013-இல் ஒரகடத்திலும், யமஹா 2015-இல் பக்கத்து வல்லம் வடகாலிலும் ஆலை திறந்தன. புத்தம் புது பைக்குகள் லாரி லாரியாகப் போகும் அதே சாலையில், ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களில் பலர் ஓட்டுவது செகண்ட் ஹேண்ட் வண்டிகளை. அவற்றைப் பார்க்கத் தகரக் கொட்டகை மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அப்படியொரு கொட்டகையில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தேன்.

யூனிஃபார்மோடு வந்த இளைஞர் ஒரு பழைய கார்புரேட்டர் வண்டியை நிறுத்தினார். “அண்ணே, முறுக்குனா ஒரு செகண்ட் அடைக்குது, அப்புறம் திடீர்னு பாயுது. சில நேரம் நல்லாவே ஓடுது.”

“காலையில மட்டுமா, சூடானப்புறமுமா?”

“ரெண்டு நேரமும்ணே.”

மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினார். ஐட்லிங் ஏறவில்லை, ஆக்சிலேட்டர் கேபிள் எங்கும் இழுபடவில்லை. கிரிப்பை முறுக்கி விட்டார், ‘டக்’கென்று திரும்பி வந்தது. அடுத்து பிளக்கைக் கழற்றினார். முனை வெள்ளை வெளேரென்று இருந்தது. பெட்ரோல் குறைவாகப் போகிறது, அல்லது காற்று கூடுதலாக நுழைகிறது என்று அர்த்தம்.

பிளக்கை மாட்டி மறுபடி ஸ்டார்ட் செய்தார். கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பரைச் சுற்றி, சைலன்சரில் படாமல், கிளீனர் ஸ்பிரேயைத் துளித் துளியாக அடித்தார். அடிப்பக்கம் பட்டதும் இன்ஜின் சத்தம் மாறியது. “ஏர் இழுக்குது, தம்பி.” கழற்றி வளைத்துக் காட்டியபோதுதான் மயிரிழை வெடிப்பு என் கண்ணுக்குத் தெரிந்தது. இன்ஜின் அதிரும்போது அது திறக்கிறது, மூடுகிறது. கோளாறு வந்து வந்து போனது அதனால்தான். ஆக்சிலேட்டரை லேசாகத் திறக்கும்போது உள்ளே உறிஞ்சல் அதிகம், அதனால் திருட்டுக் காற்றின் பாதிப்பும் அப்போதுதான் அதிகம். முழுக்க முறுக்கினால் அவ்வளவு தெரியாது.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்கும் வண்டிகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன். அவற்றில் இதே புகார் வந்தால் த்ராட்டில் சென்சாரில் மல்டிமீட்டரை வைத்து மெல்ல முறுக்குவாராம். வோல்டேஜ் சீராக ஏற வேண்டும், நடுவில் துள்ளினால் அந்த இடம் தேய்ந்திருக்கிறது. ஸ்கேனர் இருக்கிறதே என்றேன். “அது எரர் கோடு சொல்லும் சார். வெடிச்ச ரப்பரை நாமதான் பார்க்கணும்.” கோடு வந்ததும் பார்ட்ஸை மாற்றிப் பில் போடுவதைவிட இந்த வழக்கம் எவ்வளவோ மேல் என்று எனக்குப் பட்டது.

புது ரப்பர் மாட்டியதும் வண்டி ஐட்லிங்கில் நிற்கவே மாட்டேன் என்றது, பொட்டென்று அணைந்தது. இளைஞர் முகம் வாடிவிட்டது. மெக்கானிக் சிரித்தார். ஓட்டையைக் கண்டுபிடிக்காத யாரோ, ஏறி நின்ற ஐட்லிங்கை ஸ்க்ரூவால் இறக்கி, மிக்சர் ஸ்க்ரூவையும் திருகிச் சமாளித்திருக்கிறார்கள். இரண்டையும் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசு எவ்வளவு என்று சொன்னார்.