வாடைக் காற்றின் கரை

நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்கும்போதெல்லாம், நான் பிறப்பதற்குப் பல வருஷங்களுக்கு முன்னால் என் தகப்பனார் தம்முடைய 18-ஆவது வயதில் ஒரு தகரப் பெட்டியுடன் இதே கரையிலிருந்து தோணி ஏறி, தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நின்ற ‘ரஜுலா’ கப்பலுக்குப் போன காட்சி, கண்ணால் கண்டதைப் போலவே என் மனத்தில் எழும். பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி வருவதற்கு வேண்டிய ஆழம் இங்கே இல்லாமையால், சென்னையிலிருந்து புறப்பட்டுப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற அந்தக் கப்பல் வெளியே கடலில் நிற்க, ஜனங்களும் மூட்டை முடிச்சுகளும் தோணிகளில் அலை தாண்டிப் போய்த்தான் அதை அடைய வேண்டியிருந்தது. தோணி மறைந்த பிறகும் பாட்டி வெகு நேரம் அந்த மணலை விட்டு நகரவில்லை என்று அத்தை சொல்லக் கேட்டிருக்கிறேன். சென்ற மார்கழியில் நான் போயிருந்த அன்று கடலில் கப்பல் எதுவும் இல்லை. கடுவையாற்று முகத்தில் விசைப்படகுகள் நெருக்கியடித்து நின்றன. கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. வாடைக் காற்று மட்டும் எந்தக் காலத்திலும் வீசியதைப் போலவே வீசிக்கொண்டிருந்தது.

அந்தக் காற்றை நம்பித்தான் இந்த ஊர் உண்டாயிற்று என்று சொன்னால் மிகையாகாது. கடாரத்திலிருந்தும் ஸ்ரீவிஜயத்திலிருந்தும் வந்த மரக்கலங்கள் வாடையிலே இங்கே வந்து சேர்ந்து, சோளகம் வீசத் தொடங்கிய பின் திரும்பிச் சென்றன. அப்படி வந்தவர்கள் வியாபாரம் செய்ததோடு நிற்கவில்லை. ஸ்ரீவிஜய மன்னனான மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் ஒரு பௌத்த விகாரத்தை இங்கே எழுப்பினான். சிவபாதசேகரன் என்று பட்டம் புனைந்த ராஜராஜ சோழனோ, 1006-ஆம் ஆண்டை ஒட்டி, அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தைப் பள்ளிச்சந்தமாக வழங்கினான். தானம் கொடுத்த நிலத்தின் எல்லையை ஒரு பிடியானையை நடத்தி வரையறுத்தார்கள் என்று செப்பேடு கூறுகிறது. அந்தச் செப்பேடுகள் பிற்காலத்தில் டச்சு தேசத்துக்குப் போய், லெய்டன் செப்பேடுகள் என்றே உலகமெங்கும் பிரசித்தி அடைந்தன. வேற்று நாட்டான், வேற்று மதத்தான் கட்டிய கோயிலுக்காக வயல் வரப்பின் மேல் ஒரு பெண் யானை மெதுவாக அடியெடுத்து வைத்துப் போன அந்தக் காலை நேரத்தை நினைத்தால், எனக்கு இன்றும் மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

போர்த்துக்கீசியர் வந்தார்கள், 1658-இல் அவர்களிடமிருந்து டச்சுக்காரர் கைப்பற்றி, 1690-இல் பழவேற்காட்டை விட்டு இதையே தங்கள் சோழமண்டலக் கரைத் தலைநகராக்கினார்கள், 1781-இல் அதுவும் ஆங்கிலேயர் வசமாயிற்று. இவ்வளவு கைமாறியும் விகாரத்தைச் சேர்ந்ததென்று கருதப்பட்ட செங்கற் கோபுரம் ஒன்று, மூன்று நிலைகளோடு, கடலோடிகளுக்கு அடையாளமாக நின்றுகொண்டே இருந்தது. புதுவெளிக் கோபுரம் என்று ஊரார் அதை அழைத்தார்கள். 1846-இல் வால்டர் எலியட் என்ற ஆங்கில அதிகாரி அதைக் கண்டு சித்திரமும் வரைந்து வைத்தார். பிறகு, ஏசு சபைப் பாதிரிமாரின் விண்ணப்பத்தின் மேல், சர்க்கார் அநுமதியுடன் 1867-இல் அதை இடித்துத் தள்ளிவிட்டார்கள். எண்ணூறு வருஷத்துப் புயலும் வெயிலும் செய்யாத காரியத்தை ஒரு காகிதம் செய்து முடித்தது. அந்தப் பகுதியில் பூமிக்குள்ளிருந்து கிடைத்த 300-க்கு மேற்பட்ட புத்த விக்கிரகங்களுள் சில எழும்பூர் மியூசியத்தில் இருக்கின்றன. உள்ளங்கையில் அடங்கக்கூடிய அந்தச் சிறு உருவங்களைப் பார்க்கும்போதெல்லாம், அவை வீடு இழந்தவை என்ற எண்ணத்தை என்னால் தவிர்க்க முடிந்ததில்லை.

நாகூர் தர்காவுக்கும் போய்வந்தேன். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் கட்டிக்கொடுத்த, 131 அடி உயரமுள்ள பெரிய மினாரைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தபோது, ஆனைமங்கலத்துத் தர்மம் இந்தக் கரையில் அற்றுப்போகவில்லை என்று ஆறுதலாக இருந்தது.

மறுநாள் தெற்கே கோடியக்கரைக்குப் பிரயாணமானேன். வேளாங்கண்ணியைக் கடந்ததும் நெல்வயல்கள் குறைந்து, வேதாரணியத்தை நெருங்க நெருங்கப் பூமி வெளுத்து, உப்பின் வாசனை காற்றிலே ஏறிவிடுகிறது. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜியும் தொண்டர்களும் நடந்து வந்து உப்பெடுத்த அகஸ்தியம்பள்ளி இந்த வழியில்தான் இருக்கிறது. மழைக்காலமாதலால் பாத்திகளில் வேலை இல்லை. கீற்று மூடிய உப்புக் குவியல்கள் மட்டும் வரிசையாக நின்றன. அதற்கப்பால் ஊர் முடிந்து காடு தொடங்குகிறது.

காடு என்றவுடன் வானளாவிய மரங்களை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாகத் தோன்றக்கூடும். பாலையும் நாவலும் உகாவுமாக, கடற்காற்றுக்குப் பணிந்து தலை சாய்த்து வளர்ந்த குட்டை மரங்கள், இடையிடையே புல்வெளி, அதன் பிறகு சேறும் நீரும் கலந்த எல்லையற்ற வெளி. தமிழ்நாட்டின் கரை தெற்கு நோக்கி வந்து, திடீரென்று மேற்கே திரும்புகிற மூலை இது. வெளிமானைக் காப்பதற்கென்று 1967-இல் இதைச் சரணாலயமாக்கினார்கள். என்னுடன் வந்த வனக் காவலர் நடுத்தர வயதினர். 2018-ஆம் வருஷத்துக் கஜா புயலில் சாய்ந்த மரங்களை ஒவ்வொன்றாக, இறந்துபோன உறவினரைச் சொல்வதுபோல, இன்ன இடத்தில் இன்ன மரம் நின்றது என்று சொல்லிக்கொண்டே நடந்தார். சட்டென்று நின்று, “ஐயா, அசையாம நில்லுங்க” என்றார்.

முப்பதடி தூரத்தில் ஒரு கலைமான். முதுகும் கழுத்தும் மை போலக் கறுத்து, வயிறு வெள்ளை வெளேரென்றிருந்தது. கண்ணைச் சுற்றிலும் வெள்ளை வளையம். முறுக்கிப் பிழிந்தாற்போன்ற இரண்டு கொம்புகளும் பின்னே சாய்ந்து உயர்ந்திருந்தன. மூக்கின் ஈரத்தில் ஒரு புல்நுனி ஒட்டிக்கொண்டிருந்ததுகூடத் தெரிந்தது. அது எங்களைப் பார்த்தது, பயந்ததாகத் தோன்றவில்லை. பின்னாலே மேய்ந்த பழுப்பு நிறப் பெண் மான்களில் ஒன்று செவியை அசைத்தது. அடுத்த கணம் கூட்டம் முழுவதும், காலடியில் பூமியே இல்லாததுபோல, தாவித் தாவிப் போயிற்று. “சீமைக் கருவை ஏறி வருதுங்க. புல்லு போச்சுன்னா இது எங்க போகும்?” என்று காவலர் கேட்டார். அவருக்குச் சொல்லத்தக்க பதில் என்னிடம் இருக்கவில்லை.

கரையில், சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று வழங்கிவந்த பழைய கட்டடம் 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் விழுந்து, சிதைவு மட்டும் கிடக்கிறது. அந்தச் செங்கற்களுக்கு அருகில் நிற்கையில் எனக்குத் துக்கம் உண்டாயிற்றே தவிரக் கோபம் உண்டாகவில்லை. அதே நாளில் நாகைக் கரையில் ஆயிரக்கணக்கான மனிதரை வாரிக்கொண்டு போன கடல் அது. அதனோடு வழக்காட யாருக்கு முடியும்? புதுவெளிக் கோபுரத்தை நினைக்கும்போதுதான் என் நெஞ்சு ஆறுவதில்லை.

பிற்பகலில் சதுப்பு நிலத்துக்குப் போனோம். முதலில் தண்ணீருக்கப்பால் வெண்சிவப்பாய் ஒரு கோடு தெரிந்தது. உற்று நோக்கியபோது அது பூநாரைக் கூட்டம். இவை கட்ச் வளைகுடாப் பக்கத்து உப்பு வெளிகளிலிருந்து வருகின்றன என்பார்கள். ஆயினும் என் கண் தங்கியது காலடிக்கு அருகில், சேற்றில் குடுகுடுவென்று ஓடித் திரிந்த சிற்றுள்ளான்களின் மேல்தான். சிட்டுக்குருவி அளவே உள்ள இந்தப் பிராணி, பனி உறையும் வடதுருவப் பிரதேசத்துச் சைபீரியாவில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிருக்கு அஞ்சி இந்த மூலையைத் தேடி வந்துவிடுகிறது. சாலிம் அலியின் காலந்தொட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் இங்கே பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டுப் பறக்கவிட்டு, அவற்றின் யாத்திரைகளை ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். நாகையின் துறைக்கு ‘ரஜுலா’ வருவது நின்றுபோயிற்று. இந்தத் துறையில் வாடையோடு வருகிறவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் கோடியக்காட்டில் குழகர் கோயிலுக்குப் போகும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சுந்தரமூர்த்தி நாயனார் சேரமான் பெருமாளோடு இங்கே வந்து, கடற்காற்று மோதும் இந்தக் காட்டில் துணையொருவரும் இல்லாமல் நீ தனியே இருக்கலாமா என்று இறைவனையே பார்த்து இரங்கிப் பாடிய ஸ்தலம் இது. சந்நிதியில் குருக்களும் நானும் காவலரும் தவிர வேறொருவரும் இல்லை. குருக்கள் தீபாராதனை காட்டி, விபூதி கொடுத்து, தூண்டாவிளக்கின் திரியைச் சரிசெய்துவிட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே வந்தோம். இருள் நன்றாகக் கவிந்துவிட்டது. காவலர் சைக்கிளை எடுக்கப் போனவர், கையை உயர்த்திக் காட்டி நின்றார். தலைக்கு மேலே, கண்ணுக்குப் புலப்படாத உயரத்தில், ஏதோ ஒரு பறவைக் கூட்டம் மெல்லிய குரலில் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு கடல் பக்கமாகப் போயிற்று. அந்தக் குரல் ஓயும் வரையில் நாங்கள் மூவரும் பேசாமல் நின்றிருந்தோம்.