வீடு பார்க்கும் பித்து

டில்லிக்கு வரும் நம்மவர் செங்கோட்டையையும் குதுப் மினாரையும் கண்டு களித்து, ஆக்ராவுக்கும் ஒருமுறை சென்றுவிட்டு ஊர் திரும்புவர். நமக்கோ சிறுவயது முதலே வேறொரு பித்து. மன்னர்கள் கட்டிய கோட்டைகளைவிட, மக்கள் குடியிருக்கும் வீடுகளைப் பார்ப்பதிலேயே ஆசை. கட்டடக் கலை பயில வேண்டுமென்ற எண்ணமும் இருந்தது. குடும்ப நிலை பத்தாம் வகுப்போடு நம்மை ரயில்வே அலுவலகத்து மேசையில் அமர்த்திவிட்டது. சொந்தமாக ஓரடி நிலமும் இல்லாதவருக்கு இந்த ஆசை எதற்கு என்று இல்லத்தரசி கேட்பதுண்டு. காசின்றி அனுபவிக்கக்கூடிய இன்பம் இத்தலைநகரில் வேறு என்ன இருக்கிறது?

முதலில் புது டில்லி பங்களாக்கள். 1911ஆம் ஆண்டு டிசம்பரில் நடைபெற்ற தர்பாரில், தலைநகர் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறுமென ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். 1931இல் புதிய நகரம் திறந்து வைக்கப்பட்டது. பதவிக்கேற்ற வீடு என்பது அன்றே வகுத்த ஏற்பாடு: பெரிய அதிகாரிகளுக்குத் தோட்டம் சூழ்ந்த வெள்ளை மாளிகைகள், குமாஸ்தாக்களுக்கு கோல் மார்க்கெட் பக்கத்தில் சிறு வீடுகள். மாளிகைகளில் பெரும்பாலானவற்றின் வேலியையும் காவலரையும்தான் நாம் பார்க்க முடியும். உள்ளே செல்ல இடமுள்ளவற்றுள் தீன்மூர்த்தி மாளிகை ஒன்று. ராபர்ட் டார் ரஸ்ஸல் வரைந்த அம்மாளிகை, முதலில் படைத் தளபதிக்கென எழுந்தது. பின்னர் நேரு அவர்கள் 1964இல் மறையும்வரை அங்கே வாழ்ந்தார்கள். அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் அங்கே ஒரு பாயை விரித்துப் படுக்கலாம் என்று நமக்குத் தோன்றவில்லை.

பழைய டில்லியின் ஹவேலிகளோ வேறு வகை. சாந்தனி சௌக்கில் இறங்கி, தலைக்குமேல் மின்கம்பிகள் பின்னிக் கிடக்கும் சந்துகளில் நுழைய வேண்டும். பெரிய மரக்கதவு, அதன் இருபுறமும் அமர்வதற்குக் கல் மேடை. நம்மூர்த் திண்ணையேதான்! கதவைத் தாண்டினால் நடை வளைந்து செல்கிறது. தெருவில் போகிறவர் பார்வை உள்ளே எட்டாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. வளைவு தீர்ந்ததும் வானம் தெரிகிறது. அதுவே ஆங்கன், அதாவது முற்றம். சுற்றிலும் அறைகள், சிலவற்றில் கோடை வெயிலுக்கு ஒதுங்க நிலவறையும் உண்டு. சுவரில் காரை பெயர்ந்த இடங்களில் லகோரி எனப்படும் மெல்லிய சிறு செங்கற்கள் வரிசை வரிசையாகத் தெரியும். ரேழியும் முற்றமும் கண்டு வளர்ந்த தமிழருக்கு, ஆயிரம் மைலுக்கு அப்பால் இந்த வீட்டில் வழி கேட்க வேண்டியதில்லை. இவற்றுள் பல இன்று கிடங்குகளாகவும் கடைகளாகவும் சிதைந்துவிட்டன. தர்மபுராவில் ஒன்றைப் பழுதுபார்த்து, 2016இல் விடுதியாகத் திறந்தனர்.

பல்லிமாரானில் காசிம் ஜான் சந்தில் மிர்ஸா காலிப் வாழ்ந்த வீட்டின் ஒரு பகுதி நினைவகமாக உள்ளது. உருது மொழியின் பெருங்கவிஞரான அவர் 1869இல் காலமானார். டில்லியில் அத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் சொந்தமாக ஒரு வீடு வாங்கியவரல்லர். வாடகை வீடுகளிலேயே காலம் கழித்தார். இதை அறிந்த நாள்முதல் அவர்மீது நமக்கு ஒரு சுற்றத்தார் பாசம்.

நாம் பிறந்து வளர்ந்ததும் சொந்தமல்லாத வீட்டில்தான். நம் தந்தையார் மத்திய அரசுப் பணியில் இருந்தபோது சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. விநய் நகர் என்பது அப்பகுதியின் பழைய பெயர். இரண்டு அறை, அடுக்களை, பின்புறம் சிறு முற்றம், வாசலில் ஒரு வேப்பமரம். அன்னையார் நாள் தவறாமல் கோலமிட்டார்கள்; கடுங்குளிரிலும் விட்டதில்லை. தந்தையார் ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியேறினோம்.

2016ஆம் ஆண்டு ஜூலையில், சரோஜினி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளைப் புதுப்பித்துக் கட்ட மத்திய அமைச்சரவை இசைவளித்தது. 12,970 பழைய வீடுகளுக்குப் பதிலாகச் சுமார் 25,667 புதிய வீடுகள் என்பது திட்டம். வீடின்றிக் காத்திருக்கும் ஊழியர் ஏராளம். ஆகவே இதைக் குறைகூற நமக்கு வாய் வரவில்லை. மரங்களை வெட்டுவதை எதிர்த்து மக்கள் திரண்டபோது, 2018 ஜூனில் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

இடிப்பு தொடங்கிய பின்னர் ஒரு ஞாயிறன்று அன்னையாரை அழைத்துச் சென்றோம். தகரத் தடுப்பின் இடுக்கு வழியே பார்த்தால் மண்மேடுகள் மட்டுமே தெரிந்தன. சற்று நேரம் நின்றுவிட்டு, "போகலாமடா" என்றார்கள். வழியெங்கும் பேச்சில்லை.

அன்றிரவு நாம் அலுவலகத் தாள் ஒன்றில் அளவுகோல் வைத்து அவ்வீட்டை வரைந்தோம். அன்னையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தார்கள். பிறகு பென்சிலை வாங்கிக்கொண்டு, "அடுக்களை ஜன்னல் இங்கே இல்லையடா, முற்றத்தைப் பார்த்து இருந்தது. நீ பள்ளிக்கூடம் விட்டு வருவது எனக்கு அதிலேதான் தெரியும்" என்று தாமே திருத்தி வரைந்தார்கள்.